செல்விப் பாப்பாவுக்குப் போன் பண்ணு

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்து இரண்டே நாள். திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த தமிழ்ச்செல்வி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூரையின் உள்பக்கம் ஒதுங்கினாள். மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. கோயிலுக்கு வந்த கூட்டம், பூக்காரம்மா, எங்கிருந்தோ வந்த இரண்டு ஆடுகள்… எல்லாம் அந்தச் சின்னக் கூரைக்குள்.

கடைசியாக ஒருத்தன் ஓடி வந்தான். முழங்கை வரை கிரீஸ் கறை. தோளில் கனத்த பை. உள்ளே இரும்புச் சாமான்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வந்த வேகத்தில் தலையை உதறினான். தண்ணீர் அத்தனையும் அவள் முகத்தில்!

"அண்ணே, பாத்து!"

"ஸாரிங்க… கவனிக்கல."

திரும்பிப் பார்த்தான். ஒரு கணம்தான். கறுத்த, களையான முகம். ஆனால் அந்தக் கண்கள்… பல நாளாகத் தூக்கமே காணாதவை போல இமையோரம் சிவந்து கிடந்தன. அழுத கண்ணா, குடித்த கண்ணா? அவளால் சொல்ல முடியவில்லை. சட்டென்று பார்வையை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போனை எடுத்தான். அவள் கைப்பை அதிர்ந்தது.

மறுபடியும் அந்தத் தெரியாத நம்பர். நாலு நாளாக அடிக்கிறது. நாலு நாளாக அவள் எடுக்கவில்லை.

எடுக்காததற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏஜெண்டாக அலைந்தவள் அவள். மாதக் கடைசி ஆனால் டார்கெட் முடிக்காதவர்களை மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைப்பார்கள். நின்று நின்று அலுத்துப்போய், வைகாசியில் வேலையை விட்டுவிட்டு, இங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் சேர்ந்துவிட்டாள். கம்பெனியை விட்டாளே தவிர, ஆட்கள் அவளை விடவில்லை. முந்நூற்றுச் சொச்சம் பேர். விடிந்தால் யாராவது ஒருவர். 'பாப்பா, பத்திரத்தக் காணோம்', 'தாயி, வீடு மாறிட்டோம்', 'செல்வி, மக வயசுக்கு வந்திருச்சு, அவசியம் வந்துரு'… விலகும்போது கம்பெனி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தது. பழைய ஆட்களிடம் பாலிசியைப் பற்றிப் பேசக் கூடாது. யார் அழைத்தாலும் பிராஞ்ச் நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிட வேண்டும். அந்த இரண்டு வரியை ஒப்பித்து ஒப்பித்து அவளுக்கே தன் குரல் கசந்துபோனது. பிறகு தெரியாத நம்பர் என்றால் எடுப்பதையே விட்டுவிட்டாள்.

இன்றைக்கு மழை. பஸ் வருகிற வழியாக இல்லை. எடுத்தாள்.

"ஹலோ… இன்சூரன்ஸ் தமிழ்ச்செல்விங்களா?"

குரல் இரண்டு தரம் கேட்டது. காதுக்குள் ஒரு தரம். இடது பக்கத்திலிருந்து, மழைச் சத்தத்தோடு சேர்ந்து இன்னொரு தரம். அவளுக்கு எதுவும் உறைக்கும் முன்பே வாய் பழகிய பாட்டைப் பாடியது.

"நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்லைங்க. பிராஞ்ச் நம்பர் தாரேன், குறிச்சுக்கங்க…"

"பிராஞ்சு எனக்கு எதுக்குங்க? உங்க பேருதான் எழுதியிருக்கு. நாலு நாளா அடிக்கிறேன், ஒரு தடவ எடுத்தா என்ன கொறஞ்சு போயிருவீக? பாலிசி போடுறப்ப மட்டும் வாசல்ல வந்து நிக்கத் தெரியுதுல்ல?"

"ஹலோ, மரியாதையாப் பேசுங்க!"

கோபத்தில் திரும்பினாள். அவனும் அதே வேகத்தில் திரும்பினான். இருவர் காதிலும் போன். இருவருக்கும் நடுவே ஓர் ஆடு.

"நீங்களா…?"

பூக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செல்விக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. போனை மெதுவாகக் காதிலிருந்து இறக்கினான்.

"எங்க அக்கா செத்துப் போச்சுங்க," என்றான். "நாளைக் கழிச்சுப் பதினாறு."

"எந்த… யாரு?"

"சோலையம்மாள். விளாங்குடி. டெய்லரு."

மழை அப்படியே நின்றுபோனது போலிருந்தது அவளுக்கு. சோலையம்மாவா? போனபோதெல்லாம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, 'இந்தா வந்துட்டால்ல' என்று வாய் நிறையச் சொல்லும் சோலையம்மாவா?

"எப்படிங்க…"

"காய்ச்சல். மூணே நாளு."

நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தான். அவள் போட்டுக் கொடுத்த பாலிசிதான். அதன் முதுகில் துணிக்கு அளவு குறிக்கும் நீலப் பென்சிலால், கோணல் மாணலாக எழுதியிருந்தது. *கண்ணா, எனக்கு ஏதும் ஆச்சுன்னா செல்விப் பாப்பாவுக்குப் போன் பண்ணு. அவ பாத்துக்குவா.* கீழே அவள் நம்பர்.

செல்வி அதை இரண்டு தரம் படித்தாள். இரண்டாம் தரம் எழுத்துகள் கலங்கின.

"நான் பாத்துக்கிறேங்க," என்றாள். கையெழுத்துப் போட்ட காகிதம் நினைவுக்கே வரவில்லை.

* * *

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது அவள் மனதில் முள்ளாகத் தைத்தது.

சோலையம்மா கடைசியாக எப்போது பேசினாள்? பழைய அழைப்புகளைத் தள்ளிக்கொண்டே போனாள். ஆகஸ்ட் இருபது. 'சோலையம்மா டெய்லர்'. பதினோரு விநாடி.

நினைவு வந்துவிட்டது. புதிய வேலை. எதிரே தலைமையாசிரியை. "பாப்பா, ஒரு விசயம்…" என்று அந்தக் குரல் தொடங்கியது. இவள் அந்த இரண்டு வரியை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "சரி பாப்பா, நீ வேலையப் பாரு," என்று வைத்துவிட்டாள் அந்த அம்மாள். திரும்பக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். மறந்தே போனாள்.

என்ன விசயம்? சும்மா நலம் விசாரிக்கவா? இல்லை… ஆகஸ்ட் என்றால் பாலிசிப் பணம் கட்ட வேண்டிய மாதம்தானே?

ஜன்னலோரம் மழை அடித்தது. அவள் கண்ணாடியை மூடவேயில்லை.

* * *

அவன் பெயர் கருத்தக்கண்ணன். விளாங்குடியில் மோட்டார் காயில் கட்டும் சின்னக் கடை. சமயநல்லூர், சோழவந்தான் பக்கம் வயல்களில் கிணற்று மோட்டார் நின்றுபோனால் இவனுக்குத்தான் ஆள் வரும். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு எட்டு வயது. அக்காவுக்கு இருபது. கட்டியவன் விட்டுவிட்டுப் போன பின், அந்தத் தையல் மிஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கினாள் சோலையம்மாள்.

பாரத்தைப் பூர்த்தி செய்ய ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள் செல்வி. போன இடத்தில் வேறொரு வேலை காத்திருந்தது. முன்னறை முழுக்கத் துணி. வெட்டாதது, வெட்டியது, பாதி தைத்தது. வாசலில் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி நின்றார்கள். சாவு வீட்டில் போய்த் துணியைக் கேட்பதா என்று அவர்களுக்குக் கூச்சம். எது யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அளவு நோட்டு இருக்குமே?" என்றாள்.

இருந்தது. ஆனால் சோலையம்மா யாருக்கும் பெயர் எழுதவில்லை. 'ரேசன் கடை', 'வாத்தியார் வீட்டு மதினி', 'மூக்குத்தி', 'சண்டைக்காரி'…

"சண்டைக்காரி யாருங்க?"

"செல்லக்கிளியக்கா. காய்கறிக் கடை. எனக்கே தெரியும் அது," என்றான் கண்ணன். அவன் உதட்டோரம் முதல்முறையாக லேசாக அசைந்தது.

பாதிப் பேர் அவளுடைய பழைய பாலிசிக்காரர்கள்தான். சோலையம்மாவே தெருத்தெருவாகக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்தவர்கள். ஒவ்வொரு குறிப்பாக ஆளைக் கண்டுபிடித்தார்கள். அவள் சொல்லச் சொல்ல, அவன் துணியில் சீட்டுக் குத்தினான். காயில் கம்பியைத் தலைமுடி போலப் பதமாகச் சுற்றுகிற விரல்கள், ஒரு குண்டூசிக்குத் தடுமாறின.

"இதப் பாருங்க… இந்த ஜாக்கெட்டுக்கு முதுகையே காணோம். அக்கா பாதியில விட்டுருச்சு போல."

"அது முடிஞ்ச ஜாக்கெட்டுங்க."

"முடிஞ்சதா? அப்ப முதுகு?"

"மாடலே அப்படித்தான்."

அவன் அதைச் சுட்டுவிட்டது போலக் கீழே போட்டான். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அவனும் சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும் இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் அந்த மிஷின் பக்கம் போயின. ஊசிக்கடியில் ஒரு கை மட்டும் தைத்த பச்சைத் துணி அப்படியே நின்றது.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். இறப்புச் சான்றிதழ் வருவதற்கு நாளாகும் என்றார்கள். அது தாமதமாவதில் தனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருப்பதைக் கண்டு அவளே திடுக்கிட்டாள்.

"அவங்களுக்குப் பாலிசி பாரம் எழுதறப்ப ஒண்ணு நடந்துச்சு," என்றாள் ஒருநாள். "வாரிசு யாருன்னு கேட்டேன். தம்பின்னாங்க. நான் எழுதப் போறப்ப, 'மகன்னு போட்டாத் தப்பா பாப்பா?'ன்னு கேட்டாங்க."

அவன் எழுந்து பின்பக்கம் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, கழுவிய முகத்தோடு வந்து நின்றான்.

"வேற என்ன சொல்லும் அக்கா?"

அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். ஒன்றைத் தவிர.

*இன்னைக்குச் சொல்லிரணும்…* ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறும்போது அதுதான் நினைப்பு. அவன் டீ வாங்கிக்கொண்டு, தூக்குவாளியை ஆட்டாமல் அத்தனை கவனமாக நடந்து வருவதைப் பார்த்ததும் வாய் அடைத்துக்கொள்ளும். அந்தக் கண்களில் சிவப்பு இப்போதுதான் வடிந்திருந்தது.

"ஒண்ணு கேக்கவா?" என்றான் மூன்றாம் ஞாயிறு, சீட்டுக் குத்திக்கொண்டே. "மொத நாளு மழையில அண்ணேன்னீங்க. இப்பல்லாம் 'இந்தாங்க, ஏங்க'ன்னுதான் வருது…"

"அ… அப்படியா? நான் கவனிக்கல."

"நான் கவனிச்சேன்."

அவள் மடியிலிருந்த துணிப்பொதிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷமே வலித்தது.

* * *

சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் காளவாசல் பிராஞ்சுக்குப் போனார்கள். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நடுவில் பாலிசி உறையை வைத்துக்கொண்டாள்.

மேலாளர் ஹரிஷங்கர் அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"செல்வி, நீங்க இதுல தலையிடக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஏஜெண்டா வரல. சொந்தக்காரியா வந்திருக்கேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. பக்கத்தில் கண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் காது மடல் சிவந்ததை மட்டும் பார்த்தாள்.

ஹரிஷங்கர் கணினியில் எண்ணைத் தட்டினார். பார்த்தார். மறுபடி தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆகஸ்ட் பன்னெண்டு கட்ட வேண்டியது, கட்டல. முப்பது நாள் டைம் உண்டு. அதுவும் போயிருச்சு. அவங்க இறந்தது அக்டோபர் அஞ்சு… பாலிசி செத்துப் போச்சும்மா. மூணு வருஷம்கூட ஆகல, அதனால எதுவுமே வராது. மெசேஜ் அனுப்பியிருக்கோம். மூணு தடவ."

"இங்கிலீஸ்லயா சார்?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

வெளியே வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணன் உறையை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.

"மறந்திருச்சு போலங்க," என்றான். சிரிக்க முயன்றான். "ஒரு ஊசி தொலஞ்சாக்கூட வீட்டப் பொரட்டித் தேடுற ஆளு. இத மறந்திருச்சு. அதுக்கும் வயசாகுதுல்ல… விடுங்க. பணம் வந்தா மட்டும் அக்கா வந்துருமா?"

அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. இறந்தவள் மேல் மறதியைப் போட்டுவிட்டு, தான் மட்டும் நல்லவளாக பைக்கில் ஏறிப் போவதா?

"அவங்க மறக்கல," என்றாள்.

"என்னங்க?"

"ஆகஸ்ட் இருபதாந்தேதி எனக்குப் போன் பண்ணாங்க. மெசேஜ் வந்திருக்கும், படிக்கத் தெரிஞ்சிருக்காது. அதான் என்னையக் கூப்பிட்டாங்க. 'பாப்பா, ஒரு விசயம்'னாங்க. நான்… என்ன விசயம்னு கேக்கல. உங்ககிட்டச் சொன்னேன்ல, மொத நாளு, மழையில… அதே ரெண்டு வரியச் சொல்லிட்டு வச்சுட்டேன்."

அவன் அவளையே பார்த்தான்.

"எம்புட்டு நேரம் பேசுனீக?"

"பதினோரு செகண்டு."

"இத… எப்பத்துலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே."

"மொத நாளேவா?" அவன் குரல் உடைந்தது. "அம்புட்டு ஞாயித்துக்கிழமையும் எங்க வீட்ல உக்காந்து… அக்கா மிஷினுக்கு முன்னாடி உக்காந்து…"

"சொல்ல வந்தேங்க. ஒவ்வொரு தடவையும்—"

"நீங்க பஸ்ல போயிருங்க."

பைக்கை உதைத்தான். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது. திரும்பிப் பார்க்காமல் போனான்.

காளவாசல் சிக்னலின் அத்தனை இரைச்சலிலும் அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.

* * *

அவன் அழைக்கவில்லை. ஒரு வாரம்… இரண்டு வாரம்… தெரியாத நம்பருக்கெல்லாம் பயந்தவள், இப்போது போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அம்மா கனகலட்சுமி பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"யாரு போனுக்குடி இப்படிக் காத்துக் கெடக்க?"

"யாருக்கும் இல்லம்மா."

"யாருக்கும் இல்லாததுக்கா கண்ணு இப்படி வீங்கியிருக்கு?"

அவள் கை கழுவப் போனாள். தன் மேல் அவனுக்கு வெறுப்பு வந்ததில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் கொடுமை. யாரையும் குறை சொல்ல வழியில்லாத துக்கம்.

மறுநாள் மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். போனில் பெயர்களை வரிசையாகப் பார்த்தாள். 'முத்துத்தாய் பால்', 'ஹமீது பாய் கோரிப்பாளையம்', 'சோணைமுத்து லாரி'… முதல் பெயரை அழுத்தினாள்.

"யம்மா, செல்வி பேசுறேன். நான் கம்பெனிய விட்டுட்டேன், தெரியுமில்ல? சும்மா ஒரு விசயம். பாலிசி தேதி தாண்டிருச்சான்னு பாத்துக்கங்க. மெசேஜ் இங்கிலீஸ்ல வரும், படிச்ச புள்ளைக யாருகிட்டயாச்சும் காட்டுங்க. என்கிட்டக் கட்ட வேணாம். பிராஞ்ச்லயே போய்க் கட்டுங்க… ம்… அம்மா நல்லாருக்கு. நீங்க சொல்லுங்க, முட்டி வலி எப்படி இருக்கு?"

தினமும் பதினைந்து பேர். யாரையும் அவசரப்படுத்தி வைக்கவில்லை. அவர்களாகச் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். மாடு கன்று போட்டதைக் கேட்டாள். மருமகள் சண்டையைக் கேட்டாள்.

பத்தாம் நாள் ஹரிஷங்கர் அழைத்தார்.

"கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கா? பழைய கஸ்டமருக்கெல்லாம் போன் பண்றீங்களாம். மேலிடத்துக்குத் தெரிஞ்சா லீகல் நோட்டீஸ் வரும்."

"அனுப்புங்க சார்."

"செல்வி…"

"நான் யாருக்கும் எதையும் விக்கல. தேதிய ஞாபகப்படுத்துறேன். அது தப்புன்னா, அந்தத் தப்போட இருந்துட்டுப் போறேன். இன்னொரு வீட்ல யாரும் என் பேர எழுதி வச்சுட்டுச் சாகக் கூடாது சார்."

எதிர்முனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"விளாங்குடியிலேர்ந்து செல்லக்கிளின்னு ஒரு அம்மா வந்து கட்டிட்டுப் போச்சு," என்றார் மெதுவாக. "ரெண்டு நாள் விட்டிருந்தா போயிருக்கும். 'செல்விப் பொண்ணு சொல்லுச்சு'ன்னு ஆபீஸே அதிரச் சொல்லிட்டுப் போச்சு." வைத்துவிட்டார். நோட்டீஸ் எதுவும் வரவில்லை.

* * *

கார்த்திகை கடைசி வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தாள். கேட்டுக்கு எதிரே அந்த பைக் நின்றது. பக்கத்தில் அவன்.

இளைத்திருந்தான். கண்கள் மறுபடி சிவந்திருந்தன.

"பேசணும்," என்றான்.

தென்கால் கண்மாய்க் கரைக்குப் போனார்கள். ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிறைந்து கிடந்தது. அந்தி வெளிச்சம் தண்ணீரில் மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. அவன் உட்காராமல் நின்றான்.

"செல்லக்கிளியக்கா வந்துச்சு. அந்தப் புள்ள ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக்கிட்டிருக்கு, நீ என்னடா மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கன்னு வஞ்சுச்சு."

"நான் செஞ்சதுக்கு அது ஈடாகாதுங்க."

"பொறுங்க. நான் சொல்லி முடிச்சிர்றேன். இல்லைன்னா எனக்குத் தைரியம் போயிரும்." தண்ணீரையே பார்த்துக்கொண்டு பேசினான். "அன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணிட்டு, அக்கா நேரா என் கடைக்குத்தான் வந்துச்சு. 'கண்ணா, செல்விப் பாப்பா அந்த வேலைய விட்டுருச்சாம், காளவாசல் ஆபீஸுக்குப் போகணும் போல, ஒரு எட்டு வண்டியில கூட்டிட்டுப் போறியா'ன்னு கேட்டுச்சு. அதுக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியாது. எனக்குத் தெரியும். நான் காயில் கட்டிக்கிட்டிருந்தேன். தலையத் தூக்காமலே 'நாளைக்கு'ன்னேன்."

செல்வி அவன் பக்கம் திரும்பினாள்.

"மறுநாள் கேட்டுச்சு. நாளைக்குன்னேன். வயக்காட்டுல வேலை, மோட்டார அவுத்துப் போட்டிருக்கேன், அவசரம்… ஒவ்வொரு நாளும் ஒண்ணு. அப்புறம் அது கேக்குறதையே விட்டுருச்சு. படுக்கையில விழுந்த நாளு வரைக்கும் எண்ணிப் பாத்தேங்க. நாப்பத்தி மூணு நாளு." கீழே கிடந்த கல்லைக் காலால் தண்ணீருக்குள் தள்ளினான். "உங்களுது பதினோரு செகண்டு. என்னுது நாப்பத்தி மூணு நாளு. அத மறைச்சுட்டு, 'அக்கா மறந்திருச்சு'ன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். நீங்க ஒத்துக்கிட்டதும், எல்லாத்தையும் உங்க தலையில எறக்கி வச்சுட்டு வண்டிய எடுத்துட்டேன். உங்க மேல கோவப்பட்டா என் தப்பு எனக்குத் தெரியாதுல்ல… அதான்."

'உங்க மேல தப்பில்ல' என்று சொல்லியிருக்கலாம். அது பொய். அந்தப் பொய் அவனுக்கு வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உக்காருங்க," என்றாள்.

உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் உடைந்துபோனான். அழுது பழக்கமில்லாத ஆண்பிள்ளையின் அழுகை… சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. கிரீஸ் கறை படிந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள். சொல்லி எதையும் தேற்றவில்லை. அவளும் அழுதாள்.

நாரைகள் ஒவ்வொன்றாக மரத்துக்குத் திரும்பின. அவன் தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மட்டும் ஏன் சொல்றேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்… ஆனாலும் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"எனக்குப் பேச வராதுங்க. எனக்காக எப்பவும் அக்காதான்…" அதற்கு மேல் வரவில்லை.

"சரி. நான் பேசுறேன்." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முகம் பார்த்தால் சொல்ல வராது என்று பயம். "அந்த வீட்டுக்கு வாராவாரம் வந்தது துணி பிரிக்க மட்டும் இல்ல. நீங்க டீ வாங்கப் போயிட்டு வர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருப்பேன். உங்கள எனக்குப் பிடிச்சுப் போச்சு. அவங்களுக்குச் செஞ்ச தப்புக்குப் பரிகாரம்னு நீங்க ஒருநாளும் நெனைக்கக் கூடாது. தப்பு தப்பாவே இருக்கும், அது என்னோடயே இருக்கும். இது வேற… உங்கள, உங்களுக்காகவே பிடிச்சிருக்கு."

கரையில் காற்று நின்றுபோயிருந்தது.

"செல்வி," என்றான். 'ங்க' இல்லாமல், முதல் தடவையாக. "எனக்கும் அதேதான். மொத நாளு, அந்த ஆட்டுக்கு அங்கிட்டு நின்னு மொறைச்சியே… அன்னையிலேர்ந்து. துக்க வீட்டுக்காரனுக்கு இது ஆகாதுன்னு என்னையவே வஞ்சுக்கிட்டேன். அக்காவுக்கு வருசம் திரும்பட்டும். அப்புறம் உங்க அம்மாவ வந்து கேக்குறேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அது வரைக்கும்… இருப்பியா?"

"இருப்பேன்."

அழுகையோடு சேர்ந்து வந்ததால், அந்த ஒற்றைச் சொல் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அதனால் அவன் பக்கம் திரும்பி, அந்தச் சிவந்த கண்களைப் பார்த்து, இன்னொரு முறை சொன்னாள்.